‘ட்ரை’ என்ற சொல்லும் மருமகளின் ட்ரயலும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு பேனாவைப் பிடித்தது பெரும்பாலும் கையெழுத்துப் போடத்தான். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் வைத்துவிடுவேன். மறதியும் சேர்ந்துகொண்டது. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். தாளில் எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சொல்ல வந்தது ‘ட்ரை’ என்ற இங்கிலீஷ் சொல்லைப் பற்றி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இங்கிலீஷே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. நாங்கள் குடியிருக்கிற லயம், தோட்டத்துப் பிரிவான டிவிஷன், காலையில் ஆள் கூடுகிற பெரட்டு என்று பாதிச் சொல் வெள்ளைக்காரத் தொரைமாரோடு வந்ததுதான். ‘ட்ரை’ அப்படி வந்ததில்லை. எங்கள் அம்மா காலத்தில் அது கிடையாது. கைபோன் வந்த பிறகு, பலாங்கொடை டவுனில் கண்ணாடி வைத்த துணிக்கடைகள் வந்த பிறகு, மெதுவாக மலை ஏறி எங்கள் லயத்துக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தவள் என் மருமகள்.

என் மகன் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்கிறான். மாதத்துக்கு ஒருமுறை வருவான். பழைய ஆட்டோ ஒன்றை வாங்கி, லயத்து ஓரத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தான். என்றைக்காவது ஊரோடு வந்து அதை ஓட்டலாம் என்று அவன் நினைப்பு. அதற்குள் மருமகளுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு மலை ஏறக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை இருக்கிறது, பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டு வா என்று அவளுடைய சொந்தக்காரி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் பகல் பஸ் ஓடுவது நின்றுபோனது. ரோட்டோரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் டிவிஷனுக்குச் சின்னப் பிள்ளைகள் நடந்தே ஏற வேண்டும். மழை நாளில் வீட்டுக்கு வந்தால் காலில் அட்டைதான் இருக்கும். ஒருநாள் தண்ணீர் பைப்படியில் தாய்மார் எல்லாரும் மருமகளைச் சுற்றி நின்றார்கள். “ஆட்டோ சும்மாதானே கெடக்கு. நீ லைசன் எடுத்துட்டா எங்க புள்ளைங்கள உங்கிட்டயே விட்டுர்றோம்” என்றார்கள். பள்ளிக்கூடத்தில் புதுத் தவணை தொடங்குவதற்குள் எடுக்காவிட்டால் டவுனில் இருந்து ஒரு வேன்காரர் வருவதாகவும் பேச்சு இருந்தது.

ஆக, லைசன் கிடைத்தால் அவள் தன் பிள்ளைகளோடு இங்கே இருப்பாள். கிடைக்காவிட்டால் கொழும்பில் யாரோ வீட்டு அடுப்படியில் இருப்பாள். விஷயம் இவ்வளவுதான். அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தார்ப்பாயைக் கழற்றி ஆட்டோவைத் துடைத்த துடைப்பிலேயே எனக்குத் தெரிந்தது.

லைசன் எடுப்பதற்கு வைக்கிற பரீட்சைக்குப் பெயர் ட்ரயல். முதல் ட்ரயலுக்கு இரத்தினபுரிக்குத் தனியாகத்தான் போனாள். சாயங்காலம் பஸ்ஸில் இருந்து இறங்கி வந்த நடையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அங்கே நட்டிருந்த கம்புகளுக்கு நடுவே முன்னால் ஓட்டினாளாம், பின்னால் எடுத்தாளாம், ஒன்றிலும் படவில்லையாம். பிறகு பரீட்சை எடுக்கிற ஐயா பின் சீட்டில் ஏறிக்கொண்டு, ரோட்டுக்கு விடச் சொல்லியிருக்கிறார். எதிரே ஒரு வெள்ளை ஜீப் வந்திருக்கிறது. இவள் ஆட்டோவைத் தண்ணீர் ஓடுகிற கானோரமாக ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தி, கீழே இறங்கி ஓரமாக நின்றுவிட்டாள்.

“நங்கி, ஐ பெஸ்ஸே?” என்று அவர் கேட்டாராம். தங்கச்சி, ஏன் இறங்கினாய் என்று சிங்களத்தில். அதோடு ட்ரயல் பெயில்.

எதிர் லயத்தில் இருக்கிற மதினிக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு அடங்கவில்லை. அவளும் நானும் ஒன்றாக வேலை செய்து ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள். அவளுக்கு என்னைப் போலக் கூச்சம் கிடையாது. எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

“ஜீப்புல வந்தது யாரு புள்ள, நம்ம தொரையா?”

“இல்ல பெரியம்மா. ஏதோ தண்ணி ஆபீஸ் ஜீப்பு.”

“தண்ணி ஆபீசுக்கே எறங்கி நின்னியா? அப்ப மந்திரி வந்தா ரோட்டுல படுத்துருவ.”

மருமகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. தோட்டத்தில் ஜீப் சத்தம் கேட்டால் நாங்கள் ரோட்டை விட்டு இறங்கி, மண்மேட்டோடு ஒட்டி நிற்போம். தலையில் போட்டிருக்கிற துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வோம். யாரும் எங்களை உட்கார வைத்து இதைச் சொல்லித்தரவில்லை. அம்மா இடுப்பில் இருக்கும்போதே பழகியது. இப்போது தோட்டத்தை நடத்துகிற தொரை சின்ன வயதுக்காரர், யாரையும் ஒதுங்கச் சொல்கிறவர் இல்லை. அது காலுக்குத் தெரிய வேண்டுமே.

மறுநாள் காலையில் ரொட்டி சுட்டுக்கொண்டே மருமகள் சொன்னாள்: “இன்னொருக்கா ட்ரை பண்றேன், மாமி.”

அன்று முழுக்க அந்தச் சொல் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதை எங்கே எல்லாம் கேட்டிருக்கிறேன். துணிக்கடையில் அந்தப் பிள்ளை ரவிக்கையை நீட்டி, “ட்ரை பண்ணி பாருங்கம்மா” என்று சொல்லும். மகன் போனில், “காலையிலேர்ந்து ட்ரை பண்றேன், லைன் கெடைக்கல” என்பான். மதினியின் அண்ணன், தன் காணி வழக்கு இரத்தினபுரி கோர்ட்டில் நடந்தபோது, “ட்ரயலுக்கு எடுத்திருக்காங்க” என்று மாதக்கணக்காகச் சொன்னார். ரவிக்கையைப் போட்டுப் பார்ப்பதும், திரும்பத் திரும்பப் போன் அடிப்பதும், நீதிபதி வழக்கை விசாரிப்பதும், கம்புகளுக்கு நடுவே ஆட்டோ ஓட்டுவதும் எப்படி ஒரே சொல்லின் பிள்ளைகளாக இருக்க முடியும்? குடும்பத்தில் ஜாடை என்று ஒன்று வேண்டாமா?

வடக்கிலிருந்து வந்து பள்ளிக்கூடத்துக் குவார்ட்டர்சில் தங்கியிருந்த டீச்சர் ஒருவர், என்னிடம் பால் வாங்க வருவார். பாலை ஊற்றிக்கொண்டே கேட்டுவிடலாம் என்று நினைப்பேன். வாய் வராது. பாலைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். ஒருநாள் மதினி அங்கே இருந்தாள். அவளே போட்டு உடைத்தாள்.

“டீச்சர், எங்க மதினிக்கு இங்கிலீஷ்ல சந்தேகம் வந்திருக்கு. ரெண்டு வாரமா முழுங்கிக்கிட்டு திரியுது.”

டீச்சர் சிரித்தார். “இதென்னம்மா, திடீரெண்டு இங்கிலீஷ்ல இறங்கிட்டியள்?”

தட்டுத்தடுமாறிக் கேட்டேன். “நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாது. பெரிய அகராதி ஒண்டு பள்ளிக்கூடத்தில கிடக்கு, பாத்திட்டு வாறன்” என்று போனார். அடுத்த முறை பாலுக்கு வந்தபோது வாசல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“அம்மா, அது பழைய பிரெஞ்சில இருந்து இங்கிலீசுக்கு வந்த சொல்லாம். அங்க அதுக்கு முதல் கருத்து, தெரிஞ்செடுக்கிறது. நல்லது வேற, கெட்டது வேற எண்டு பிரிச்செடுக்கிறது. அதில இருந்துதான் விசாரிச்சுப் பாக்கிறது, சோதிச்சுப் பாக்கிறது எண்டு வந்தது. முயற்சி செய்யிறது எண்ட கருத்து அதுக்குப் பிறகுதான் ஒட்டினது.”

“பிரிச்செடுக்கிறதுன்னா, சல்லடையில சலிக்கிற மாதிரியா டீச்சர்?” என்றேன்.

“அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோ. பிரெஞ்சுக்கு அது எங்க இருந்து வந்தது எண்டு ஒருத்தருக்கும் நிச்சயமில்லையாம். தானியம் மிதிக்கிறது, தேய்க்கிறது எண்ட சொல்லோட சொந்தமாயிருக்கலாம் எண்டு சில பேர் சொல்லுகினமாம்.”

எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் இவ்வளவு நாள் குடியிருந்தவர் நமக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா என்று திடீரென்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நானும் மதினியும் கொழுந்து பறித்தது கொஞ்ச நாள்தான். மிச்சக் காலமெல்லாம் தேயிலை பெக்டரியில் சலிக்கிற வேலை. முதலில் பச்சைக் கொழுந்தை வாட்டி உருட்டுகிற இடத்தில். பிறகு காய்ந்த தூளைத் தரம் பிரிக்கிற அறையில். மெஷின் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்வோம். மதினி அப்படியே கதை சொல்லி, கங்காணியைப் போல நடந்து காட்டி, எங்களைச் சிரிக்க வைப்பாள். வேலை முடிந்து வெளியே வந்தால் புருவமெல்லாம் தேயிலைத் தூசி. வெயிலில் ஒருவரை ஒருவர் பார்த்து, கிழவி, கிழவி என்று கேலி செய்வோம். அப்போது எங்களுக்குக் கிழவி ஆகிற வயதே இல்லை.

எனக்குப் பிடித்தது உருட்டுகிற இடத்து வேலைதான். உருட்டிய கொழுந்தைச் சல்லடையில் கொட்டினால் சின்னது கீழே விழும், பெரியது மேலே நிற்கும். மேலே நின்றது குப்பை இல்லை. அதைத் திரும்ப மெஷினில் போட்டு உருட்டி, திரும்பச் சலிப்போம். அப்போதும் நின்றால் இன்னொரு தடவை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதை ஒதுக்கி வைக்கப் பார்த்தபோது, மேஸ்திரி கையை ஆட்டித் தடுத்து, மெஷினைக் காட்டினார். அது இன்றும் கண்ணில் நிற்கிறது.

இரத்தினபுரிக்குப் பஸ்ஸில் போகும்போது ஆற்றோரத்தில் மாணிக்கக் குழிக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். சரளை மண்ணைக் கூடையில் போட்டு, தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டு சுற்றுவார்கள். மண் கரைந்து போகும். மிஞ்சுகிற கல்லில் கண்ணை வைத்துக்கொண்டு குனிந்து நிற்பார்கள். அவர்கள் செய்வதும் ‘ட்ரை’தான் என்று நினைத்தபோது, எனக்கு அந்த ஊரே வேறு மாதிரி தெரிந்தது. பெக்டரியில் சலிக்கிறோம், ஆற்றில் அரிக்கிறார்கள், கோர்ட்டில் விசாரிக்கிறார்கள், துணிக்கடையில் போட்டுப் பார்க்கிறார்கள். ஜாடை தெரிந்துவிட்டது.

மருமகளிடம் இதைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“அப்ப நான் சல்லடைக்கு மேல நின்ன பெரிசுன்னு சொல்றீங்க.”

“அப்படி இல்ல, தாயி.”

“அப்படித்தான், மாமி. பரவாயில்ல. இன்னொரு தடவ உருட்டுங்க.”

உருட்டும் பொறுப்பை மதினி எடுத்துக்கொண்டாள். “இவ மண்டையில கோளாறு இல்ல, காலுலதான் கோளாறு. துப்பட்டாவ சீட்டோட சேத்து கட்டிருங்க. எறங்குனா கழுத்து இறுகும்” என்றாள். அதைக் கேட்டு, ஓட்டச் சொல்லித்தருகிற மாஸ்டர் பயந்துபோனார். அவர் டவுனில் இருந்து வருகிற சிங்களவர். தமிழ் நன்றாக விளங்கும், பேசுவது கொஞ்சம்தான். “எபா எபா” என்று, அதாவது வேண்டாம் வேண்டாம் என்று, கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட ஆள் ஏற்றிப் பழக வேண்டும் என்று என்னையும் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். மாஸ்டர் என் பக்கத்தில். மதினிக்கும் வர ஆசைதான். ஆனால் பின்னால் மூன்று பேர் ஏறினால் ஆட்டோ மலை ஏறாது என்று மாஸ்டர் நாசூக்காகச் சொல்லிவிட்டார். மதினி கொஞ்சம் கனமான ஆள்.

பெக்டரியில் இருந்து மேல் டிவிஷனுக்குப் போகிற ரோடு ஒடுக்கமானது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பாதி ஏறியிருப்போம். மேலே இருந்து ஜீப் சத்தம் கேட்டது. தொரையின் ஜீப். எனக்கு அந்தச் சத்தம் நூறு வண்டிக்குள்ளும் தெரியும்.

“நவத்தன்ன எபா, நங்கி” என்றார் மாஸ்டர். நிறுத்தாதே என்று. “மேல போற வண்டிக்குத்தான் வழி. அவங்கதான் ஒதுங்கணும்.”

மருமகளின் கழுத்து நரம்பு விறைத்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. மாஸ்டர் என் கையைப் பிடித்து, “அம்மே, இந்தகன்ன”, உட்காருங்கள் என்று அதட்டியபோதுதான் நினைவு வந்தது. என் தலைத்துணி என் கையில் இருந்தது. ஒரு கால் ஆட்டோவின் படியில் இருந்தது. ஓடுகிற ஆட்டோவில் இருந்து இறங்கி நிற்கப் பார்த்திருக்கிறேன்.

மருமகள் நிறுத்தவில்லை. மெதுவாக, கியர் அழ அழ, ஏறிக்கொண்டே இருந்தாள். ஜீப் நின்றது. கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு அது பின்னால் போனது. ரோடு அகலமான இடம் வரை பின்னால் போய், மேட்டோடு ஒட்டி ஒதுங்கி நின்றது. நாங்கள் கடந்தபோது தொரை ஒரு கையைத் தூக்கினார். மருமகள் பதிலுக்குத் தூக்கவில்லை. இரண்டு கையும் ஹேண்டிலில் இறுகிப் போயிருந்தன. நான்தான், தலைத்துணியைப் பிடித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்டினேன்.

வளைவு தாண்டியதும் மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓட்ட முடியாத சிரிப்பு. ஓரமாக நிறுத்தினாள்.

“மாமி, தொரை பின்னால போனாரு.”

“பாத்தேன்.”

“நம்மளுக்காக.”

“மேல ஏறுற வண்டிக்காகன்னு மாஸ்டர் சொல்றாரு.”

“அதுக்குள்ள நாமதானே இருந்தோம்.”

மாஸ்டருக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. அவருக்கு அது ஒரு ஜீப்தான். ஆனால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அவரும் சிரித்தார். அன்று சாயங்காலம் மதினி லயம் லயமாகப் போய், மருமகள் தொரையை பெக்டரி ரோட்டில் விரட்டிவிட்டாள் என்று சொல்லி வைத்தாள். நான் ஒரு வாரம் தொரையின் ஆபீஸ் பக்கம் போகவில்லை.

இரண்டாவது ட்ரயலுக்கு நானும் கூடப் போனேன். தவணை தொடங்க அதிக நாள் இல்லை. கொழும்புச் சொந்தக்காரியும் முதல் நாள்தான் போன் பண்ணி, “என்ன முடிவு?” என்று கேட்டிருந்தாள். நான் ட்ரயல் எடுக்கிற இடத்தில் சிமெந்துத் திண்ணையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் ஆண்பிள்ளைகள்தான் அதிகம். மருமகள் கம்புகளுக்கு நடுவே போனாள், வந்தாள். ஒரு கம்பும் அசையவில்லை. பிறகு அந்த ஐயா பின்னால் ஏறிக்கொள்ள, ரோட்டுக்கு விட்டாள். வளைவில் ஆட்டோ மறைந்தது.

மறைந்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

ஒதுங்காதே, நிறுத்தாதே என்று இத்தனை நாளாக அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். ஆம்புலன்சுக்கு ஒதுங்கத்தானே வேண்டும். இதை யாராவது அவளுக்குச் சொன்னோமா? மாஸ்டரைத் தேடினேன். அவர் தேத்தண்ணிக் கடைப் பக்கம் போயிருந்தார். சாமியைக் கூப்பிடலாம் என்றால் எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை.

ஆட்டோ திரும்பி வந்தது. ஐயா இறங்கி ஏதோ எழுதினார். மருமகள் இறங்கவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் சிங்களத்தில் அவளிடம் என்னவோ சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகுதான் இறங்கி என்னிடம் நடந்து வந்தாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஆம்புலன்ஸ் வந்துச்சா?”

“வந்துச்சு, மாமி.”

“என்ன செஞ்ச?”

“ஓரமா ஒதுக்கி வழி விட்டேன். எறங்கல.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அது போனதும் பின்னால ஒரு பெரிய ஜீப்பு, அந்த சந்துலயே பூந்து போகலாம்னு ஹார்ன் அடிச்சுக்கிட்டே வந்துச்சு. அதுக்கு வழி விடல. நான் பாட்டுக்கு ரோட்டுக்கு எடுத்துட்டேன்.”

“ஐயா என்ன சொன்னாரு?”

“இங்க வந்து நிறுத்தின பெறகு, யாருக்கு ஒதுங்கணும் யாருக்கு ஒதுங்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியுது, பாஸ்னு சொன்னாரு.”

நான் அவள் கையைப் பிடித்தேன். அவ்வளவு பேர் நடுவில் எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் மறைக்கத் தெரியவில்லை. மாஸ்டர் ஓடி வந்து, தனக்குத்தான் லைசன் கிடைத்தது போல எல்லாருக்கும் கைகொடுத்தார். அங்கேயே நின்று மருமகள் இரண்டு போன் பேசினாள். முதல் போன் மகனுக்கு. இரண்டாவது கொழும்புச் சொந்தக்காரிக்கு. “அக்கா, அந்த வேலைக்கு வேற ஆள பாருங்க” என்றாள்.

இப்போது ஒவ்வொரு பகலும் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த ஆட்டோ பிள்ளைகளின் சத்தத்தோடு மலை ஏறி வருகிறது. எதிரே எது வந்தாலும் பிள்ளைகள் உள்ளே இருந்து கையாட்டுகிறார்கள். ஒருவரும் இறங்குவதில்லை.

எழுத வேண்டியதை எழுதிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ‘ட்ரை’ என்ற சொல் பழைய பிரெஞ்சில் இருந்து வந்தது, தெரிந்தெடுப்பதுதான் அதன் முதல் கருத்து, அதற்கு முந்தியது நிச்சயமில்லை என்று டீச்சர் சொன்னதை நான் சரியாகப் பிடித்தேனா என்பது தெரியாது. அவர் மாற்றலாகித் தன் ஊருக்குப் போய்விட்டார். என் காது அரைவாசி மெஷின் சத்தத்திலேயே போனது. இங்கிலீஷ் படித்தவர்கள் யாராவது நல்ல அகராதியில் பார்த்து, நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்த வேண்டும். மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பதையும் அப்படியே ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். அது மாஸ்டர் சொன்னதுதான்.